செருப்புக் கட்டிய கூடை

செருப்புப் போடச் சொன்னவர் சப்பாத்துப் போட்டிருந்தார். கறுப்புச் சப்பாத்து. காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் இரண்டு கம்புகளை நட்டு, நடுவில் ஒரு துணிப்படத்தைத் தொங்கவிட்டிருந்தார். படத்தில் ஒரு பெரிய கால். கால்விரல் இடுக்கில் நூல்போல் நுழையும் ஒரு புழு. அது போய்ச் சேருகிற குடல். படத்துக்கு எதிரே, ஹாலிஎலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வெறுங்காலோடு நின்றார்கள்.

"மண்ணிலை இருந்து இந்தப் பூச்சி காலுக்குள்ளாலை ஏறும்" என்றார் மருந்து ஐயா. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஏறி உங்கடை ரத்தத்தைக் குடிக்கும். நான் தாற மருந்துக்கு அது செத்துப்போகும். ஆனால் திரும்பவும் வெறுங்காலோடை நடந்தால் திரும்பவும் ஏறும். செருப்புப் போடவேணும். கக்கூசுக்குத்தான் போகவேணும். விளங்குதோ?"

"வெளங்குதுங்க" என்றது கூட்டம். எதைச் சொன்னாலும் அந்தக் கூட்டம் அப்படித்தான் சொல்லும்.

வெள்ளைக்காரரின் பெரிய சண்டை முடிந்து, விஷக்காய்ச்சல் கூலி வீடுகளின் வரிசையில் லயம் லயமாக ஆளை வாரிக்கொண்டு போனதற்கு மறு வருடம் அது. மிஞ்சிய ஆட்களையாவது வேலைக்கு நிற்கவைக்க வேண்டும் என்று துரைமாருக்குத் தோன்றியிருந்தது. அதனால் பூச்சி மருந்து வந்தது. அதனால் கக்கூஸும் வந்தது. சுண்ணாம்பு அடித்து, தகரம் வேய்ந்து, லயத்தின் கோடியில் நின்றது. அதற்குப் பூட்டும் போட்டிருந்தது. சாவி அழகர் கங்காணியின் இடுப்பில். பார்க்க வருகிற வெள்ளைக்காரருக்குக் காட்ட வேண்டுமே, கூலிகள் போனால் அசிங்கமாகிவிடாதா? ஆகவே கூலிகள் வழக்கம்போல் தேயிலைச் செடிகளுக்குள் ஒதுங்கினார்கள். விடிந்ததும் அதே செடிகளுக்கிடையில் பெண்கள் வெறுங்காலோடு நின்று கொழுந்து எடுத்தார்கள்.

இராக்கம்மா அப்படி நின்று எடுத்தவர்களில் ஒருத்தி. இரண்டு பிள்ளைகளைச் சுமந்து இரண்டையும் புதைத்தவள். முதல் பிள்ளை மாதம் நிறையும் முன்பே பிறந்து போயிற்று. அடுத்தது பிறந்தது, அழவில்லை. அவள் முகம் ஊதி, மலை ஏறினால் மூச்சு இரைத்து, நகம் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தாள். காட்டேரி பிடித்திருக்கிறது என்றார்கள். மந்திரித்த கயிறு கட்டினார்கள். இப்போது ஒருவர் படம் போட்டு, அது காட்டேரி இல்லை, புழு என்கிறார். காட்டேரி என்றால் பயப்படத்தான் முடியும். புழு என்றதும் இராக்கம்மாவுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் ஒரு புழுவுக்கா பயந்து கிடந்தோம்?

மருந்து ஐயா ஆளுக்கொரு தகர டப்பா கொடுத்தார். பெயர் ஒட்டியிருந்தது. மறுநாள் காலையில் மலம் வைத்துக் கொண்டுவர வேண்டும், கண்ணாடி வைத்துப் பார்த்து யார் வயிற்றில் எவ்வளவு பூச்சி என்று சொல்வார். கங்காணிக்கும் ஒரு டப்பா கிடைத்தது. அங்கேதான் வினை தொடங்கியது.

அழகர் கங்காணி கோட்டும் குடையும் சப்பாத்துமாகத் திரிகிறவர். இராக்கம்மாவின் புருஷன் வீரய்யாவை ஊரிலிருந்து ஆள்சேர்த்துக் கொண்டுவந்தவரும் அவர்தான். அன்று சாயந்தரம் தண்ணீர்ப் பீலியில் கால் கழுவிக்கொண்டிருந்த வீரய்யாவைக் கூப்பிட்டார்.

"டேய், இதயும் நீயே நெரப்பிக் குடுத்துடு."

"எதயுங்க?"

"டப்பாவத்தான்டா. கங்காணி போயி இதுல குந்தவா? சீ! எம் மானம் என்னாவுறது?"

"ஒரு வயித்த வச்சிக்கிட்டு ரெண்டு டப்பாவுக்கு எங்கங்க போவேன்?"

"மத்தியானம் வள்ளிக்கெழங்கு தின்னேல்ல? நெரப்புடா."

வீரய்யா நிரப்பிக் கொடுத்தான். கங்காணி சொல்லி அவன் செய்யாதது எதுவும் இல்லை. அடுத்த கிழமை பெரட்டுக்களத்தில் மருந்து ஐயா பெயர் பெயராக வாசித்தார். வீரய்யாவுக்கு மிக அதிகம். அழகர் கங்காணிக்கும் மிக அதிகம்.

"ஏ ஆத்தா!" பின்னால் நின்ற கருப்பம்மா வாயைப் பொத்தாமலே சிரித்தாள். "கங்காணி வயித்துலயும் கூலி ஆளா? செக்ரோல் புத்தகத்துல பேர் எழுதியாச்சான்னு கேளுங்கடி!"

கூட்டம் சிரித்தது. அழகரின் முகம் கறுத்தது. அது தன் பூச்சி இல்லை, வீரய்யாவின் பூச்சி என்று அவர் யாரிடம் சொல்ல முடியும்? மருந்தை வாங்கிக்கொண்டுபோய், தன் வீட்டுக்குப் பின்னால் வடிகால் கானில் ஊற்றினார். அந்தப் பக்கம் வந்த இராக்கம்மா அதைப் பார்த்தாள். தனக்குப் பூச்சியே கிடையாது என்று அவர் நிஜமாகவே நம்பினார். டப்பாவில் இருந்தது அவருடையதில்லையே. வேண்டுமென்றே பூச்சியை வைத்துத் தன்னைக் கேவலப்படுத்திவிட்டான் என்று அன்று முதல் வீரய்யாவின் மேல் கறுவிக்கொண்டார்.

மற்றவர்கள் மருந்து குடித்தார்கள். குமட்டும் எண்ணெய், அப்புறம் பேதி உப்பு. லயமே சுருண்டு படுத்தது. எழுந்தபோது இராக்கம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் லேசாக இருந்தது. புறப்படும் முன் மருந்து ஐயா அவளுடைய கீழ் இமையை இழுத்து, கைக்கண்ணாடியில் காட்டினார்.

"பாத்தியோ, வெள்ளைக் கடதாசி மாதிரி. இது சிவக்கவேணும். கீரை தின். இன்னொண்டு, வயித்திலை பிள்ளை வந்திட்டால் இந்த மருந்து தரேலாது. தந்தால் பிள்ளை போயிடும். அந்த நேரம் பூச்சி ஏறினால் நான் ஒண்டும் செய்யேலாது. காலைப் பாத்துக்கொள்."

படத்தைச் சுருட்டிக்கொண்டு அவர் அடுத்த தோட்டத்துக்குப் போனார். கொஞ்ச நாளில் இராக்கம்மாவின் வயிற்றில் மூன்றாவது பிள்ளை வந்தது.

மொஹிதீன் கடைவீதியிலிருந்து துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு லயத்துக்கு வந்து விற்பவர். எல்லாருக்கும் அண்ணன் முறையில் நானா.

"நானா, செருப்பு வேணும்" என்றாள் இராக்கம்மா.

"ஆருக்கு? கங்காணிக்கா?"

"எனக்கு. எம் புருசனுக்கும்."

மொஹிதீன் மூட்டையை இறக்கி வைத்தார். "தங்கச்சி, நான் சீலை விக்கிற மனுசன். செருப்பு கொண்டந்தது தெரிஞ்சா, கங்காணி என்னைய இந்தப் பக்கம் எட்டிப்பாக்கவும் விடமாட்டார்."

"சேலைக்கு நடுவுல சுத்திக் கொண்டாங்க."

"அளவு? பொம்புளையாள்ட கால நான் புடிச்சுப் பாக்கவா?"

இராக்கம்மா தன் பாதத்தின் நீளத்துக்கு ஒரு ஈர்க்கை ஒடித்துக் கொடுத்தாள். வீரய்யாவின் பாதத்துக்கு இன்னொன்று. மொஹிதீன் இரண்டாவதைத் தூக்கிப் பார்த்தார். "இது காலா, மம்பட்டியா?" என்று கேட்டு இரண்டையும் காதில் சொருகிக்கொண்டு போனார். அடுத்த முறை சேலைகளுக்கு நடுவில் எருமைத்தோல் செருப்புகள் வந்தன. குதிகாலில் கட்ட வார் வைத்தவை. "கடிக்கும். எண்ணெய் பூசுங்க" என்றார்.

கடித்தது. தோல் உரிந்தது. சரிவில் வழுக்கியது. ஒருமுறை கூடையோடு உருண்டதில் எடுத்த கொழுந்தெல்லாம் கானில் கொட்டியது. "தொரைசாணி விழுந்துட்டாங்கடி, பல்லக்கு கொண்டாங்க" என்றாள் பக்கத்துத் தேயிலை நிரையிலிருந்த கருப்பம்மா. இராக்கம்மா எழுந்து, வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி நின்றாள்.

மண்ணும் சிரிப்பும் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவளைத் தோற்கடித்தது அவளேதான். விடியுமுன் வேலைக்கு எழுப்பும் தப்பு அடிக்கும். தூக்கக் கலக்கத்தில் கை கூடையை எடுக்கும், கால் தானாக நடக்கும். பாதி மலையில் காலைப் பார்ப்பாள். செருப்பு அவள் குடியிருந்த காம்பராவின் மூலையில் கிடக்கும். திரும்பிப் போனால் அன்றைய வேலை போய்விடும். அன்று முழுக்க வெறுங்கால். இப்படிச் சில தடவை நடந்த பிறகு, தன் புத்தியை விடிகாலையில் நம்பக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைக் கூடைக் கயிற்றில் கட்டினாள். கூடையைத் தூக்கினால் செருப்பு முதுகில் இடிக்கும். மறக்க வழியில்லை.

சாயந்தரம் பீலியில் முதலில் செருப்பைக் கழுவினாள், அப்புறம் காலை. விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். புழு ஏறினால் முதலில் அங்கேதான் அரிக்கும். உடைந்த கண்ணாடித் துண்டில் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். முருங்கைக்கீரை இல்லாத நாளில் கானோரத்துப் பொன்னாங்கண்ணியைப் பறித்து அவித்தாள். ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. செருப்பு ஊறிக் களியாகி, காயவே இல்லை. சரி, மழை விடட்டும் என்று வெறுங்காலோடு போனாள். மழை விட்டபோது விரல் இடுக்கில் அரிப்பு இருந்தது. சாம்பலை வைத்துத் தோல் சிவக்கத் தேய்த்தாள். தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டினாள். பிறகு அடுப்புக்கு மேலே மூங்கில் தட்டு ஒன்றைக் கட்டி, செருப்பை அதில் உலர்த்த ஆரம்பித்தாள். அடுத்த மழையில் அது காய்ந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தாள். பெரட்டுக்களத்தில் செருப்புப் போடவில்லை. அங்கே துரை வருவார், கங்காணி நிற்பார். அது கூட்டிப் பெருக்கிய கட்டாந்தரை. அதைத் தாண்டி, தேயிலைக்குள் நுழையும் இடத்தில் கூடையை இறக்கிச் செருப்பைக் கட்டிக்கொள்வாள். அதற்கும் வேட்டு வந்தது. ஒருநாள் மலையில் அழகர் கங்காணி அவள் காலைப் பார்த்துவிட்டார்.

"ஏ! எவன் முன்னாடி செருப்போட நிக்கிற?"

"மருந்து ஐயா சொன்னாருங்க, கங்காணி."

"மருந்து ஐயாவா ஒனக்குக் கொழுந்து நிறுக்கிறாரு?"

கங்காணிக்கு முன்னால் கூலி செருப்புப் போடக்கூடாது, குடை விரிக்கக்கூடாது. எங்கும் எழுதிவைத்த சட்டமில்லை. ஊரில் மேலத்தெரு வழியே போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்ட வழக்கம் கப்பலேறி வந்து, மேலத்தெருவே இல்லாத இந்த மலையில் கங்காணியின் காலடியில் குடியேறியிருந்தது. துரை வந்தால் கங்காணியும் சப்பாத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு தேயிலைக்குள் அவர் பின்னால் ஓடுவார். இதில் அவமானம் இருப்பதாக அழகருக்குத் தோன்றியதே இல்லை. தனக்குக் கீழே ஒருத்தி கழற்றாமல் நிற்பதுதான் அவமானம்.

மறுநாளிலிருந்து அவளுக்கு லயத்துக்கு மேலேயுள்ள நிரை. லயமே ஒதுங்குகிற இடம் அதுதான். வேண்டுமென்றே கொடுத்தது. வயிறு முன்னால் தள்ள, மூக்கைப் பொத்தக் கை இல்லாமல், அவள் அங்கே நின்று எடுத்தாள். செருப்பைக் கழற்றவில்லை. அழகர் வீரய்யாவைப் பிடித்துக்கொண்டார். கான் வெட்டுகிற இடத்தில் எல்லார் முன்னாலும் ஏதோ சொன்னார். அன்று சாயந்தரம் வீரய்யா தன் செருப்பைக் கூரைக்குள் செருகினான்.

"நீயும் கழட்டிரு புள்ள" என்றான். "புள்ள பொறந்ததுக்கப்புறம் போட்டுக்க."

"புள்ள பொறக்கிறதுக்குத்தான்யா போட்டிருக்கேன்."

"அவரு நம்மளக் கூட்டியாந்தவருடி."

"கூட்டியாந்தாரு. ஏங் காலயும் சேத்தா கூட்டியாந்தாரு?"

"எதுத்துப் பேசினா நெலம என்னாவும்னு பாத்தியா?"

"பாத்துட்டேன்யா. ரெண்டு குழி வெட்டினியே, அப்பவே பாத்துட்டேன். மூணாவத நீ வெட்டுறியா, கங்காணிய வெட்டச் சொல்லவா?"

வீரய்யா வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். அவள் செருப்புக்கு எண்ணெய் பூசினாள்.

மருந்து ஐயா மறுபடி வந்தார். அதே சப்பாத்து, அதே படம், புதிய டப்பாக்கள். அன்று துரையும் குதிரையில் வந்து களத்தின் ஓரத்தில் நின்றார். துரை பார்க்கிறார் என்றதும் அழகருக்கு வேகம் வந்துவிட்டது. வரிசையில் நின்ற இராக்கம்மாவின் கூடையில் செருப்பு தொங்குவதைக் குடையால் தட்டினார்.

"அவுறு இத. தலையில வச்சிக்கிட்டுக் களத்தச் சுத்திவா. இந்தத் திமிரு எல்லாருக்கும் தெரியட்டும்."

இராக்கம்மா கூடையை இறக்கினாள். முடிச்சை அவிழ்த்தாள். செருப்பைத் தரையில் போட்டாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக நுழைத்து, குனிந்து வாரைக் கட்டினாள். குனிய நேரமெடுத்தது.

"ஐயா" என்று மருந்து ஐயாவைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க. போடச் சொன்னீங்களா, இல்லயா?"

மருந்து ஐயா துரையைப் பார்த்தார். தன் சப்பாத்தைப் பார்த்தார். "சொன்னனான்தான்... ஆனால் தோட்டத்து ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்குத்தானே, பிள்ளை."

இத்தனை மாதமும் அவள் கங்காணியின் மேல்தான் கோபப்பட்டிருந்தாள். இப்போது கோபம் இடம் மாறியது.

"அப்ப எதுக்குய்யா சொன்னீங்க? படம் போட்டுக் காட்டுனீங்களே, அதுல காலு இருந்துச்சு, புழு இருந்துச்சு. கங்காணிய வரையலயே? தொரைய வரையலயே? கக்கூசுக்குப் போங்கன்னீங்க. சாவி யாரு இடுப்புல இருக்குன்னு பாத்தீங்களா? நான் மறந்தேன், விழுந்தேன், திரும்பக் கட்டுனேன். ஏங் கால நான் பாத்துக்கிட்டேன். நீங்க ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்க?"

"வாய மூடுடி!" அழகர் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். நாலு எட்டுத்தான். மூச்சு இரைத்தது. குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். குடைப்பிடியில் இருந்த அவர் விரல்கள் இராக்கம்மாவின் கண்ணுக்கு நேரே இருந்தன. நகம் சுண்ணாம்பு. முகம் ஊதியிருந்தது. அந்த ஊதல் அவளுக்குத் தெரியும். வருஷக்கணக்காக அவள் முகத்தில் இருந்ததுதான்.

"என்னய விடுங்க. இந்தாளு கண்ண இழுத்துப் பாருங்க" என்றாள். "போன தடவ குடுத்த டப்பா இவரோடது இல்ல. எம் புருசனோடது. மருந்தையும் கானுல ஊத்திட்டாரு. கங்காணிக்குப் பூச்சி ஏறாதாம்."

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி எல்லாப் பக்கமும் பரவியது. "அதானே பாத்தேன், வள்ளிக்கெழங்கு வாசம் அடிச்சுதேன்னு!" என்றாள் கருப்பம்மா. துரை தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு என்னவென்று கேட்டார். கணக்கப்பிள்ளை இங்கிலீஷில் சொன்னார். துரை வீரய்யாவைச் சவுக்கால் சுட்டி, அரைகுறைத் தமிழில் கேட்டார். "நீ சொல்லு. நிசமா?"

எல்லாரும் வீரய்யாவைப் பார்த்தார்கள். அழகரும் பார்த்தார். வீரய்யா தலைப்பாகையைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான். பிறகு மனைவியின் காலைப் பார்த்தான்.

"ஆமாங்க தொரை. ரெண்டு டப்பாவும் நாந்தாங்க."

மருந்து ஐயாவுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. அழகரின் கீழ் இமையை இழுத்தார். தும்பைப் பூவாக வெளுத்திருந்தது. பிறகு, கேட்காமலே, இராக்கம்மாவின் இமையையும் இழுத்துப் பார்த்தார். சிவப்பு.

துரைக்கு நல்ல சிரிப்பு. சிரித்து முடித்துத் தீர்ப்புச் சொன்னார். கணக்கப்பிள்ளை அதைத் தமிழில் சொன்னார். கங்காணி களத்திலேயே, எல்லார் முன்னாலும் மருந்து குடிக்க வேண்டும். கூலிகள் தேயிலைக்குள் செருப்புப் போட்டுக்கொள்ளலாம். பெரட்டுக்களத்திலும் பங்களாப் பக்கமும் கூடாது. கங்காணி உட்பட, துரைக்கு முன்னால் யாரும் கூடாது.

அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைத்தான் துரை தந்தார். அதற்குக் கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. இராக்கம்மா கும்பிடவில்லை. செருப்பைக் கழற்றாமலே களத்தைக் கடந்து தேயிலைக்குள் போனாள். அன்று அவளை யாரும் தடுக்கவில்லை. மறுநாள் கழற்றத்தான் வேண்டியிருந்தது.

வீரய்யா கூரையிலிருந்து செருப்பை எடுத்தான். ஒரு வாரை எலி தின்றிருந்தது. கயிறு போட்டுக் கட்டி, மண்வெட்டிப் பிடியில் மாட்டினான்.

பிள்ளை மாசியில் பிறந்தது. பெண். பிறந்ததும் அழுதது. அடுத்த காம்பராவில் ஆட்கள் எழுந்து உட்காரும்படி அழுதது. இராக்கம்மா முதலில் அதன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

அழகர் மருந்து குடித்து, சில மாதம் நன்றாக இருந்தார். துரை மலைக்கு வரும்போதெல்லாம் சப்பாத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு பின்னால் ஓடினார். கக்கூஸ் பூட்டு மாறவில்லை. அடுத்த வருடம் அவருக்கு மறுபடி முகம் ஊத ஆரம்பித்தது. இராக்கம்மா அதைப் பார்த்தாள். அவளுக்குப் பாவமாக இல்லை.

மருந்து ஐயா மூன்றாம் முறை வந்து கம்பு நட்டுப் படத்தைத் தொங்கவிட்டார். அதே கால், அதே புழு. துரை ஓரத்தில் குதிரையில் இருந்தார். ஐயா எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "விளங்குதோ?" என்று கேட்டார்.

"வெளங்குதுங்க" என்றது கூட்டம்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த இராக்கம்மா பின்வரிசையிலிருந்து சத்தமாகச் சொன்னாள்:

"எங்களுக்கு வெளங்கி ரொம்ப நாளாச்சுங்க. அங்கிட்டுத் திரும்பி நின்னு சொல்லுங்க."

அவள் கை துரையிருந்த பக்கம் நீண்டிருந்தது. மருந்து ஐயா திரும்பவில்லை. டப்பாக்களைக் கொடுக்கத் தொடங்கினார்.